உள்பலகையில் ஒரு வில்லை

எங்கள் கேளிக்கைப் பூங்காவில் பேய் வீட்டுக்குள் போய்விட்டு அழுதுகொண்டே வரும் பிள்ளைகளை வெர்னா யூரிக்தான் சமாதானப்படுத்துவாள். பேய் வீட்டை ஓட்டுகிறவளே அவள்தான் என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. மண்டியிட்டு உட்கார்ந்து, "அது பேய் இல்லடா தங்கம், பழைய அட்டை. காலையில நான்தான் அதுக்கு மூஞ்சி தொடச்சு விட்டேன். இன்னும் ஈரம் காயல, அதான் அப்படி முழிக்குது" என்பாள். பிள்ளை விக்கலுக்கு நடுவே சிரிக்கும். அதன் அம்மா மட்டும் வெர்னாவை முறைத்துவிட்டு, முதலாளி ராட்னியிடம் புகார் சொல்லப் போவாள்.

பேய் வீட்டுக்கு எதிரே என் கடை. உருளைக்கிழங்கு அடைத்த பியரோகிக் கொழுக்கட்டையை வெங்காயத்தோடு வெண்ணெயில் புரட்டி விற்பது என் பிழைப்பு. வெர்னாவோடு சண்டை போடுவது என் பொழுதுபோக்கு. பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே அவளை எனக்குத் தெரியும். பிடிவாதத்துக்கு ஒரு பரிசு வைத்தால் பென்சில்வேனியாவின் நிலக்கரி மலைகள் முழுக்கத் தேடினாலும் அவளுக்குப் போட்டியாக ஆள் கிடைக்காது.

பூங்கா மூடும்போது எங்களுக்கு ஒரு முறை உண்டு. ஒவ்வொரு சவாரியை ஓட்டுகிறவரும் வேலை விளக்குகளைப் போட்டுவிட்டு, யாராவது உள்ளே தங்கிவிட்டார்களா என்று நடந்து பார்க்க வேண்டும். பிறகு வாக்கி-டாக்கியில், "ராட்டினம், எல்லாரும் வெளிய", "குட்டி ரயில், எல்லாரும் வெளிய" என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள் வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொல்லிவிடுவார்கள். வெர்னா தண்டவாளம் முழுக்க நடப்பாள், ஒவ்வொரு பொம்மைக்குப் பின்னாலும் டார்ச் அடித்துப் பார்ப்பாள். இவ்வளவு பார்த்தவள் சொல்வது மட்டும் வேறு: "பேய் வீடு, ஜனங்க போயாச்சு." எல்லாரும் வெளியே என்று ஒருநாளும் அவள் வாயில் வந்ததில்லை. புதிதாக வேலைக்கு வந்த பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள். ஊர்க்காரர்கள் ஏன் என்று கேட்க மாட்டோம். எங்களுக்குத் தெரியும்.

வெர்னாவின் கணவன் லியோன் ஹெம்லாக் சுரங்கத்தில் வேலை பார்த்தான். ஆறடிக்கு மேல் உயரம், வீட்டு நிலையில் தலை இடிக்காமல் அவன் நுழைந்து நான் பார்த்ததில்லை. எங்கள் ஊரில் சுரங்கத்துக்குச் சட்டத்தைவிடச் சாங்கியம் அதிகம். வேலைக்குக் கிளம்பியவன் எதை மறந்தாலும் திரும்பி வரக் கூடாது. வழியில் பெண் எதிர்ப்பட்டால் அன்றைய கூலியே போனாலும் சரியென்று வீடு திரும்புகிறவர்கள் இருந்தார்கள். சுரங்கத்து வாசலைப் பெண் மிதிக்கவே கூடாது.

இன்னொன்று, வில்லை. சுரங்கத்து விளக்குக் கொட்டகையில் இரண்டு மரப் பலகைகள், நிறைய ஆணிகளோடு. ஒன்று வெளிப்பலகை, ஒன்று உள்பலகை. ஒவ்வொருவனுக்கும் எண் பொறித்த பித்தளை வில்லை உண்டு. இறங்கும்போது அதை உள்பலகையில் மாட்டுவான். ஏறி வந்ததும் எடுத்து வெளிப்பலகைக்கு மாற்றுவான். அவனவன் வில்லையை அவனவன் கையால்தான் எடுக்க வேண்டும். அண்ணன் தம்பியாக இருந்தாலும் ஒருவன் வில்லையை இன்னொருவன் தொட மாட்டான். தொட்டால் உள்ளே இருக்கிறவனுக்குக் குழி தோண்டியதாக அர்த்தம்.

கல்யாணமாகி முதல் வருடம். ஒரு பனிக்காலக் காலையில் லியோன் சாப்பாட்டு வாளியை மறந்துவிட்டுப் போய்விட்டான். வெர்னா அதைத் தூக்கிக்கொண்டு விளக்குக் கொட்டகை வாசல்வரை ஓடினாள். வெளியூரில் பிறந்திருந்தால் அது அன்பு. இங்கே பிறந்து வளர்ந்தவள் செய்தது தப்பு. ஆண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். லியோன் சிரித்துக்கொண்டே, "விடுங்கப்பா, என் பொண்டாட்டி கொண்டு வந்தது ரொட்டி, சாபமில்ல" என்று சொல்லி வாளியை வாங்கினான். வில்லையை உள்பலகையில் மாட்டிவிட்டு இறங்கினான்.

அன்று மதியம் கைவிடப்பட்ட பழைய சுரங்கத்தின் சுவர் உடைந்து தண்ணீர் உள்ளே பாய்ந்தது. மற்றவர்கள் எப்படியோ ஏறிவிட்டார்கள். லியோனோடு சேர்த்து மூன்று பேர் வரவில்லை. வாரக் கணக்கில் இறைத்துப் பார்த்துவிட்டுக் கம்பெனி சுரங்கத்தின் வாயை அடைத்துவிட்டது. மற்ற இரண்டு பெண்கள் தங்கள் கணவர்களின் வில்லைகளை வாங்கி, வெறும் சவப்பெட்டியில் வைத்துப் புதைத்தார்கள். கல்லறைக் கல்லாவது மிஞ்சியது. வெர்னா மட்டும் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். "அவரு கையால எடுக்கட்டும்" என்றாள். மாமியார் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: "வாசலை மிதிச்சவளாச்சே, இனிமே எங்க வருவான்!"

உடைந்தது பழைய சுவர், வெர்னாவின் கால் பட்டு அல்ல. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் வலித்ததுதான் மிச்சம். கொட்டகையை இடித்தபோது பலகைகளை ராட்னியின் அப்பா பழைய மரத்தோடு வாங்கிவந்து பூங்காவின் தச்சுப் பட்டறையில் மாட்டினார். உள்பலகையின் மேல்வரிசையில் அந்த ஒற்றை வில்லை கறுத்துப்போய்த் தொங்கியது. தச்சன் ஸ்டஷ் தன் சாமான்களை மாட்டப் பலகையின் எல்லா ஆணிகளையும் பயன்படுத்தினான், அந்த ஆணியையும் அதன் இரண்டு பக்கத்து ஆணிகளையும் தவிர.

ஸ்டஷ் நல்லவன். ஒருமுறை தீயணைப்பு நிலையத்து நடனத்துக்கு வெர்னாவைக் கூப்பிட்டான்.

"என் வீட்டுக்காரரு இன்னும் ஷிஃப்ட்ல இருக்காரு, ஸ்டஷ்" என்றாள்.

ஊர் இதை வைத்துப் பல வருடம் சிரித்தது. "லியோனுக்கு ஓவர்டைம் போட்டுக் குடுத்தா கம்பெனி திவாலாயிடும்" என்பார்கள். நானும் சிரித்திருக்கிறேன், சிரித்துவிட்டு வயிறு எரிந்திருக்கிறேன். இலவு காத்த கிளியாவது பஞ்சு பறந்ததும் போய்விட்டது. இவள் மரத்தையே விடவில்லை. ஸ்டஷ் வேறு யாரையும் கட்டிக்கொள்ளவுமில்லை.

அக்டோபரில் பூங்கா மூடியதும் வேலைக்காரர்களுக்கு ராட்னி விருந்து வைப்பான். அந்த வருடம் கோழிக்கறியோடு ஒரு கேள்வியும் வைத்தான்.

"பேய் வீட்டைப் பத்தி ரொம்பப் புகார் வருது. அது பெரிய பசங்களுக்கு இருக்கட்டும். புதுசா ஒரு இருட்டுச் சவாரி கட்டப் போறேன். அப்பா, அம்மா, கைக்குழந்தை, முட்டி வலிக்கிற தாத்தான்னு எல்லாரும் ஒரே பெட்டியில உக்காந்து தண்டவாளத்துல போகணும். இருட்டா இருக்கணும், ஆனா யாரும் அழக் கூடாது. என்ன வைக்கலாம்? சொல்லுங்க."

"கரடி" என்றான் ஸ்டஷ். "ஆப்பிள் பணியாரத்தைத் திருடிட்டு ஓடுது. அறைக்கு அறை துரத்துறோம். கடைசியில பார்த்தா வீட்ல அதோட குட்டிங்க உக்காந்து தின்னுட்டு இருக்கு."

"துரத்திட்டுப் போனவங்களுக்கு ஒரு துண்டாவது கிடைக்குமா?" என்றான் ராட்டினத்து ஹார்லன். "என்னைக் கேட்டா திமிங்கலத்தோட வயிறு. நாலா பக்கமும் ஒளிர்ற மீனு. கடைசியில தும்மி வெளிய தள்ளிடும்."

"உவ்வே" என்றேன் நான். "அடுப்படி வைங்க. ராட்சச அடுப்படி. பிள்ளைங்க எறும்பு மாதிரி சின்னதாயிடுவாங்க. ஃபேன் வெச்சு ரொட்டி வாசனையை அடிக்கணும்."

"வெளிய வந்ததும் பசியோட நேரா உன் கடையில வந்து விழணும். அதானே, ஜென்?" என்றான் ஹார்லன். விருந்துக்கு வந்த எல்லாரும் சிரித்தார்கள்.

அப்போது வெர்னா பேசினாள். இப்படிப்பட்ட இடத்தில் வாயைத் திறக்காதவள். "காடு. ராத்திரி நேரம். மின்மினிப் பூச்சி விளக்கு போதும். ஒரு ஆட்டுக்குட்டி தொலைஞ்சுபோச்சு. முதல் அறையில தாய் கூப்பிடுது. கடைசி அறையில குட்டி கிடைச்சிடுது."

"அவ்ளோதானா, வெர்னா?"

"ஏன், அது பத்தாதா?" என்றாள்.

ராட்னி எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டான். பிறகு தன் வரைபடத்தை மேஜைமேல் விரித்தான். கேள்வி கேட்கும் முன்பே பதிலை எழுதி வைத்திருப்பது முதலாளிகளுக்கு வழக்கம். "நிலக்கரிச் சுரங்கம்! நம்ம ஊரே அதுதானே. பாட்டுப் பாடுற கானரிக் குருவி, பின்னங்காலால உதைக்கிற கோவேறு கழுதை, விளக்குத் தொப்பி போட்ட பொம்மை ஆளுங்க. நம்ம பட்டறையில இருக்குற வில்லைப் பலகையை வாசல்ல வைப்போம். ஒவ்வொரு குழந்தையும் ஒரு வில்லையை உள்பலகையில மாட்டிட்டு ஏறணும், வந்ததும் எடுத்து வெளிப்பலகையில மாட்டணும். கடைசியில கூரை இடியற மாதிரி ஒரு சத்தம். உடனே மேலயிருந்து கொஞ்சம் தண்ணி தெறிக்கும். பசங்களுக்குத் தண்ணின்னா..."

கைதட்டல் தொடங்கிய இடத்திலேயே நின்றது. ராட்னி வயதில் சின்னவன், சுரங்கத்தை மூடிய பிறகு பிறந்தவன். கதையாகத் தெரியும், உடம்பில் தெரியாது. எல்லோரும் வெர்னாவைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது. முகம் வெளுத்துவிட்டது. "வெர்னா, நான் யோசிக்கவே இல்ல. இதை விட்டுடறேன். கரடியே வைக்கிறேன்" என்றான்.

வெர்னா முள்கரண்டியைக் கீழே வைத்தாள்.

"வேணாம், கட்டு. நீ கட்டலன்னா வேற எவனாவது கட்டி, பொம்மைப் பேயை உள்ள விடுவான். கழுதை இருக்கட்டும், குருவி இருக்கட்டும். தண்ணி மட்டும் ஒரு சொட்டு இருக்கக் கூடாது. பிள்ளைங்க அழக் கூடாதுன்னு சொன்னேல்ல? அப்போ உள்ள போனவன் வெளிய வரணும். கடைசி அறையில பகல் வெளிச்சம் வை. அந்த ஆளுங்கள்லாம் வாளியோட மேல ஏறி வரணும், எல்லாரும். ஒருத்தன் குறைஞ்சாலும் நான் அந்தச் சவாரியை ஓட்ட மாட்டேன்."

"நீங்களா ஓட்டப் போறீங்க?"

"பின்ன? லியோன் பேரு தெரியாத எவளோ ஒருத்தி அந்தப் பலகை முன்னாடி நின்னு 'அடுத்த ஆள் வாங்க'ன்னு கூவணுமா?"

குளிர்காலம் முழுக்க ஸ்டஷ் பட்டறையில் இருந்தான். பொம்மை ஆட்களைச் செதுக்கினான். அவர்களில் ஒருவன் மற்றவர்களைவிட ஒரு தலை உயரமாக இருந்ததை நான் பார்த்தேன், கேட்கவில்லை. பலகைகளைச் சுத்தம் செய்து, புதுப் பித்தளை வில்லைகள் அடித்துத் தொங்கவிட்டான். அந்தப் பழைய வில்லையை மட்டும் துடைக்கக்கூட இல்லை. பளபளவென்று எல்லாம் வெளிப்பலகையில் மின்ன, உள்பலகையின் மேல்வரிசையில் அது தனியாகக் கறுத்துத் தொங்கியது.

ராட்னிக்கு அதில் ஒரு கவலை. "சாயங்காலம் உள்பலகை காலியா இருந்தாத்தான் எல்லா குழந்தையும் வந்துட்டதா அர்த்தம். ஒண்ணு எப்பவும் மிச்சமா நின்னா குழப்பமாயிடும். ஒரு கண்ணாடிச் சட்டத்துல போட்டு மாட்டிடலாமா? இல்ல, கம்பியாலயாவது கட்டிடலாம்."

"கட்டினா அவரு எப்படி எடுப்பாரு?" என்றாள் வெர்னா. விளையாட்டாகச் சொன்னாளா என்று தெரியவில்லை. ராட்னியும் என்னைப் பார்த்தான், நானும் அவனைப் பார்த்தேன். வில்லை இருந்த இடத்திலேயே இருந்தது.

வேலை முடிந்ததும் வெர்னா வேலை விளக்கைப் போட்டுக்கொண்டு முதல்முறை அந்தச் சவாரிக்குள் தனியாக நடந்தாள். ஊரில் எந்தப் பெண்ணும் சுரங்கத்தின் உள்ளே பார்த்ததில்லை. வெகுநேரம் கழித்து வந்தாள். என் கடைப் பலகையில் சாய்ந்துகொண்டாள்.

"இப்படித்தான் இருக்குமா, ஜென்? இவ்ளோ தாழ்வா?"

"ஸ்டஷ் அளந்துதான் கட்டினான். இதவிடத் தாழ்வான இடமும் உண்டாம்."

"அவரு உயரத்துக்கு முதுகு என்னத்துக்காகும்! ஒரு நாள்கூட வலிக்குதுன்னு சொன்னதில்லடி. நான் தேய்ச்சு விட்டிருப்பேனே" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

மே மாதம் திறப்பு. மழை தூறிக்கொண்டிருந்தது, ஆனாலும் சுற்றுவட்டாரத்துக் கூட்டமெல்லாம் வந்துவிட்டது. என் கடைக்கு எதிரே, புதுச் சவாரியின் வாசலில் வெர்னா பிள்ளைகளிடம் சொல்லிச் சொல்லி ஓய்ந்துபோனாள்: "வில்லையை மாட்டிட்டு ஏறு. வந்ததும் உன் கையாலயே எடுத்து அங்க மாட்டு. மறக்கக் கூடாது. மாட்டினாத்தான் நீ வெளிய வந்ததா கணக்கு." பிள்ளைகள் அதை ஒரு விளையாட்டு மாதிரி செய்தார்கள்.

மதியத்துக்கு மேல் கூட்டம் நெரிந்தது. வெளிப்பலகையில் வில்லை தீர்ந்துபோனது. சிவப்பு மழைச்சட்டை போட்ட ஒரு குட்டிப்பெண்ணுக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, உதடு பிதுங்கத் தொடங்கியது. வெர்னா அந்தப் பக்கம் குனிந்து ஒரு பெட்டியின் மடிக்கம்பியை அழுத்திப் பூட்டிக்கொண்டிருந்தாள். குழந்தையின் அப்பா சுற்றுமுற்றும் பார்த்தான். உள்பலகையின் மேல்வரிசையில், மற்றவற்றோடு சேராமல் ஒன்று தொங்கியது. குழந்தையைத் தோளுக்குத் தூக்கினான். அவள் அதை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வெர்னா!" என்று கத்தினேன். ராட்டினத்து ஆர்கன் இசை என் குரலை விழுங்கிவிட்டது. கையில் கரண்டியோடு கடையை விட்டு இறங்குவதற்குள் பெட்டி உள்ளே போய்விட்டது.

வெர்னா நிமிர்ந்தாள், பழக்கத்தில் பலகையைப் பார்த்தாள். வெற்று ஆணி. கொட்டகை போய், ஊர் பாதி காலியாகி, மாமியார் செத்து, எத்தனையோ நடந்தும் அந்த ஆணி வெறுமையாக இருந்து யாரும் பார்த்ததில்லை. அவள் அடுத்த பெட்டியை அனுப்பவில்லை. இரண்டு கையாலும் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு சின்னப் பொண்ணு எடுத்துட்டுப் போயிட்டா. தெரியாம..." என்றேன் மூச்சு வாங்க.

"உள்ளயா?"

"உள்ளதான்."

அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். உள்ளே கழுதை உதைக்கும் சத்தம் கேட்டது. பிறகு குருவி. பிறகு கடைசி அறைக் கதவு திறந்து மஞ்சள் வெளிச்சம் வெளியே விழுந்தது. வாளியோடு ஏறிவரும் மர ஆட்களுக்கு நடுவே பெட்டி ஊர்ந்து வந்தது. குட்டிப்பெண் குதித்து இறங்கி நேராக வெளிப்பலகைக்கு ஓடினாள். எம்பினாள், எட்டவில்லை. திரும்பி வெர்னாவைப் பார்த்துக் கையைத் தூக்கினாள்.

"தூக்கி விடுங்க."

வெர்னா அந்தச் சின்ன விரல்களைப் பிரித்து வில்லையைப் பார்த்தாள். எண்ணின்மேல் கட்டைவிரலை வைத்துத் தடவினாள். இது வேண்டாம், இதை நான் வைத்துக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். பழைய ஆணியிலேயே மாட்டியிருக்கலாம். அப்படித்தான் செய்வாள் என்று நினைத்தேன்.

"இது பழசு, கண்ணு. இது வேற ஒருத்தரோடது."

"நான்தான் உள்ள கூட்டிட்டுப் போனேன்" என்றாள் குழந்தை. "இப்ப வெளிய வந்தாச்சு. நீங்கதானே சொன்னீங்க, மாட்டணும்னு. மறக்கக் கூடாதுன்னு."

வெர்னா அவள் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். குழந்தை நாக்கைத் துருத்திக்கொண்டு, இரண்டு முறை தவறவிட்டு, மூன்றாம் முறை வில்லையை வெளிப்பலகையில் மாட்டியது. வெர்னா அவளை இறக்கிவிட்டாள். "கெட்டிக்காரி" என்றாள். பிறகு வரிசையைப் பார்த்து, "அடுத்த ஆள் வாங்க" என்றாள்.

மூடும் நேரம் வரை ஓட்டினாள், ஒரு தடவைகூட வெளிப்பலகை பக்கம் திரும்பவில்லை. கடைசிப் பெட்டி வந்ததும் வேலை விளக்கைப் போட்டுக்கொண்டு உள்ளே போனாள். நான் கல்லைச் சுரண்டிக்கொண்டே, கடையில் தொங்கும் வாக்கி-டாக்கிக்குக் காதைக் கொடுத்திருந்தேன். ராட்டினம், எல்லாரும் வெளிய. குட்டி ரயில், எல்லாரும் வெளிய. பேய் வீடு, எல்லாரும் வெளிய: இது வெர்னா இடத்துக்கு வந்த புதுப் பையன். சுரங்கம் மட்டும் பாக்கி. பூங்காவில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள் என்று நினைக்கிறேன். அதற்குள் செய்தி பரவாமல் இருக்குமா?

கரகரவென்று ஒரு சத்தம். அவள் மூச்சு கேட்டது.

"சுரங்கம்" என்றாள். நிறுத்தினாள். "சுரங்கம். எல்லாரும் வெளிய."

கொஞ்சம் கழித்து ஸ்டஷின் குரல் வந்தது. "கேட்டுச்சு, வெர்னா." அவ்வளவுதான் அவனால் முடிந்தது.

வெர்னா என் கடைக்கு வந்தாள். தட்டில் பியரோகி வைத்து நீட்டினேன், தொடவில்லை. டார்ச்சை அணைக்க மறந்து கையிலேயே வைத்திருந்தாள், வெளிச்சம் அவள் செருப்பின்மேல் விழுந்துகொண்டிருந்தது.

"அந்த வாளியை நான் கொண்டு போயிருக்கக் கூடாது, ஜென்."

"தண்ணி உடைச்சது பழைய சுவரு. எத்தனை தரம் சொல்றது?"

"தெரியும்" என்றாள். முதல்முறையாக அப்படிச் சொன்னாள். பிறகு தலையைப் பலகையில் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். கணவன் செத்த அன்று அழுவதுபோல, வாய்விட்டு. இத்தனை காலம் இவள் அழவில்லையே என்று ஏங்கியவள் நான், அன்றைக்கு அந்தச் சத்தத்தைக் காதால் கேட்க முடியவில்லை.

முந்தானையில்லாத ஊர் இது, அழுகை ஓய்ந்ததும் சமையல் துணியை எடுத்துக் கொடுத்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நாளைக்குப் பாதிரியாரைப் பார்க்கப் போகணும். பூசைக்குச் சொல்லணும், குழிக்கும் சொல்லணும்" என்றாள். "எங்கிட்ட கறுப்பு உடுப்பு இல்ல. நான் வாங்கினதே இல்லயே. உங்கிட்ட இருக்கா?"

இருந்தது. என் கணவன் செத்தபோது எனக்குத் தைத்தது. அவளுக்கு இடுப்பில் தொளதொளவென்று இருந்தது. அன்றிரவு என் வீட்டுச் சமையலறையில் அவளை நாற்காலிமேல் நிற்கவைத்து, ஊசி குத்திப் பிடித்துக் கொடுத்தேன்.